காக்கா போட்ட கோடுகள்

கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த அண்ணனைக் காக்கா என்பார்கள். என் ஊர் பரமக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். அங்கிருந்து கீழக்கரை ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் சவூதி அரேபியாவில், அல் கோபாரில் போய் இறங்கிய அன்றைக்கு, அறையில் இருந்த ஐந்து பேரும் "காக்கா வரட்டும், சாப்பிடுவோம்" என்று தட்டுகளோடு உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒல்லியாக, நெடுநெடுவென்று ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் நகக்கண் வரை கறுத்திருந்தன. நான் சிரித்ததை யாரோ சொல்லிவிட்டார்கள் போல. என் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் போட்டுக்கொண்டே, "சிரிச்சுக்க தம்பி. பறக்கத்தான் தெரியாது, மத்தபடி காக்காதான்" என்றார்.

பாஸ்போர்ட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நான் பார்த்திருக்கிறேன். இங்கே அதை எழுதப்போவதில்லை. பிள்ளைகள் ஊரில் நன்றாக இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத விஷயம் இதில் இருக்கிறது.

நாங்கள் வேலை பார்த்தது ஆங்கிலப் புத்தகங்களை இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் கிடங்கில். கன்டெய்னரில் வரும் பெட்டிகளைப் பிரித்து அடுக்கி, கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் எண்ணெய்க் கம்பெனிகளின் நூலகங்களுக்கும் அனுப்புவோம். நான் பெட்டி தூக்குகிறவன். துணியில்லாத உடம்பு தெரிகிற படம் அங்கே விற்பனைக்குப் போகக் கூடாது. தணிக்கை அதிகாரி வந்து பார்ப்பதற்கு முன்னால் நாங்களே மறைத்து வைத்துவிட வேண்டும். அதற்கென்று கிடங்கின் பின்மூலையில், ஏ.சி.க்குக் கீழே ஒரு மேசை போட்டிருந்தார்கள். அந்த மேசைதான் காக்காவின் டூட்டி.

டீ போடுகிற ஆளாக வந்தவர் அவர். எழுத்துக் கூட்டி அரபி படிப்பார், ஆங்கிலம் அகராதியோடு படிப்பார். முன்னால் அந்த மேசையில் இருந்தவன் தடித்த மார்க்கரை எடுத்துப் பக்கத்துக்கு ஒரு கறுப்புக் கட்டமாக அடித்துத் தள்ளுவானாம். பின்பக்கம் வரை மை ஊறி, அந்தப் பக்கத்து எழுத்தும் போய்விடும். கடைக்காரர்கள் புத்தகத்தைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்ததும் முதீர் (மேனேஜரை அங்கே அப்படித்தான் சொல்வோம்) காக்காவை உட்காரவைத்தார்.

காக்கா கட்டம் போடவில்லை. துணி போட்டார்.

மயிர்க்கோடு போடுகிற பேனாக்களை வாங்கி வைத்திருந்தார். ஒரு கண்ணாடி லென்ஸ் இருந்தது. படத்தில் பெண் குளித்துக்கொண்டிருந்தால் தோளிலிருந்து ஒரு சால்வை இறங்கும். பையன் ஓடிக்கொண்டிருந்தால் இடுப்பில் ஒரு வேட்டி பறக்கும். வண்ணப் படங்களில் அது ஓரளவு தெரிந்துவிடும். பழைய செதுக்குப் படங்களில், அதாவது செப்புத் தகட்டில் கோடு கோடாக வெட்டி அச்செடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில், அவர் கை வைத்ததை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு லென்ஸைக் கையில் கொடுத்தார். "பாரு. இதுல கறுப்பு எங்க இருக்கு?"

ஒரு கிழவரின் முகம். தாடிக்குக் கீழே இருட்டாக இருந்த இடத்தைக் காட்டினேன்.

"நல்லாப் பாரு."

லென்ஸுக்குள் கறுப்பே இல்லை. ஒரு கோடு, அதை வெட்டிக்கொண்டு இன்னொரு கோடு, நடுவில் புள்ளி.

"அம்புட்டும் கோடுதான். நெருக்கிப் போட்டா இருட்டு, விலக்கிப் போட்டா வெளிச்சம். தோலுக்கு வளைஞ்ச கோடு, துணிக்கு நீளக் கோடு, வானத்துக்கு ஸ்கேல் வச்ச மாதிரி. ஆனா ஆளுக்கு ஆள் கை மாறும் தம்பி. இந்தாளு கோட்டை முடிக்கிற எடத்துல ஒரு சுழி சுழிப்பான். நான் துணி போட்டாலும் அவன் சுழிதான் போடணும். இல்லைன்னா துணி தனியாத் தெரியும்."

ஒருமுறை அதிகாரி ஒரு பக்கத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது அவன் வரைந்ததா, நீ வரைந்ததா?" என்று கேட்டார். காக்கா ஒரு குண்டூசியை எடுத்துக் கோட்டுக்குக் கோடு தொட்டு, "இது அவன், இது நான், இது அவன்" என்று காட்டிக்கொடுத்தார். அதிகாரி ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் முத்திரையைக் குத்திவிட்டு டீ கேட்டார். அதற்குப்பிறகு எப்போது வந்தாலும் முதீர் அறைக்குப் போகாமல் நேராக அந்த மேசைக்குத்தான் வருவார்.

இரண்டாயிரத்து இரண்டில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் நூலகத்துக்காக ஒரு பெரிய தொகுதி வந்தது. அதிகம் பேர் கேள்விப்படாத ஐரோப்பிய ஓவியர்கள், செதுக்குக்காரர்கள் எல்லோரையும் அகரவரிசையில் போட்ட பல பாகக் களஞ்சியம். ஒவ்வொரு பாகமும் ஒரு செங்கல் கனம். பக்கத்துக்குப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதால் அந்த ஒரு தொகுதியில் காக்கா எட்டு மாதம் உட்கார்ந்தார். படத்தை மட்டும் பார்த்திருந்தால் எட்டு வாரம் போதும். அவர் படித்தார்.

படித்ததைச் சாப்பிடும்போது எங்களுக்குச் சொல்லுவார். பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தார். சங்குக்காரர் என்று ஒருவர். ஹாலந்து நாட்டில் வாழ்நாள் முழுக்கச் சங்கும் சிப்பியும் மட்டும் தகட்டில் வெட்டியவர். செம்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை முப்பது வருஷம் பார்த்துப் பார்த்துக் கண் போய்விட்டது. அதற்கப்புறமும் விரலால் தடவியே ஒரு தகட்டை முடித்தாராம். அந்தப் படத்தைக் காக்கா எங்களுக்குக் காட்டினார். சங்கின் சுருள் நடுவில் ஓரிடத்தில் கோடு தடம் மாறிப் போயிருந்தது. "இந்த எடத்துல விரல் தப்பியிருக்கு, பாவம்" என்றார், ஏதோ பக்கத்துத் தெருக்காரரைச் சொல்கிற மாதிரி.

இன்னொருவர் மகள்காரி. அப்பாவும் ஓவியர், மகளும் ஓவியர். மகள் வரைந்ததை எல்லாம் அப்பா தன் கையெழுத்தைப் போட்டு விற்றார். அப்பா செத்த பிறகும் அவர் கையெழுத்துக்குத்தான் கிராக்கி என்பதால், அந்தப் பெண் இருபது வருஷம் செத்தவர் பெயரைப் போட்டே விற்றாளாம். "அவளுக்குன்னு பேர் வச்சு ஒத்தப் படம் இல்ல" என்றார் காக்கா. அரியலூர்ப் பக்கத்துச் சேகர் அண்ணன், "அப்ப அது அவ வரைஞ்சதுன்னு எப்படிக் காக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"கை காட்டிக் கொடுத்திருச்சு. அப்பா போட்ட இலை எல்லாம் பளபளன்னு இருக்கும். இவ போட்ட இலையில பூச்சி கடிச்ச ஓட்டை இருக்கும். பொய் சொல்லத் தெரியல அந்தப் பொண்ணுக்கு."

சேகர் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முப்பத்திரண்டு வயது. என்னோடு பெட்டி தூக்குகிறவர். நன்றாகக் குழம்பு வைப்பார். காக்கா கதை சொல்லும்போது எல்லோரும் கேட்போம், கேள்வி கேட்பது சேகர் அண்ணன் மட்டும்தான். காக்காவுக்கு அதனாலேயே அவர்மேல் தனிப் பிரியம்.

மறைப்பது காக்காவுக்கு மேசையோடு முடிந்த வேலை இல்லை.

எங்கள் அறையில் யாருக்கு என்ன நடந்தாலும் ஊருக்குப் போன் பேசுவது அவர்தான். ஒருவருக்குக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் மனைவியிடம், "வேற சைட்டுக்கு மாத்திருக்காகம்மா, அங்க போன் வசதி இல்ல" என்று நாற்பது நாள் ஓட்டினார். பொய் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. நடந்ததில் எது தெரிந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாதோ அதை மட்டும் எடுத்துவிடுவார். மீதியெல்லாம் நிஜமாகவே இருக்கும். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்கே எங்கே ஒட்டுப் போட்டார் என்று தெரியாது.

தனக்கும் அப்படித்தான் செய்துகொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை கீழக்கரைக்காரர்கள் மூன்று பேர் தம்மாமிலிருந்து அறைக்கு வந்தார்கள். வந்தவர்கள் காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்புறம்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அவர் மனைவி இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. விசா கொடுத்த முதலாளியான கபீலிடம் பாஸ்போர்ட் இருந்தது, கிடங்கில் வருஷக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது, போக முடியாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டதாம். அந்தப் பதினேழு நாளும் அவர் டூட்டிக்கு வந்தார். சங்குக்காரர் கதையைச் சொன்னதுகூட அந்த நாட்களில்தான்.

"ஏன் காக்கா சொல்லல?" என்று சேகர் அண்ணன் சண்டைக்குப் போனார்.

"சொன்னா நீங்க ஆறு பேரும் சாப்பிட மாட்டீக" என்றார் காக்கா.

எனக்கு அன்றைக்கு அவர்மேல் மரியாதையும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

அடுத்த வருஷம் அதே களஞ்சியம் மறுபடியும் வந்தது. வேறு இரண்டு நூலகங்களுக்கு. வழவழக் காகிதத்தில் அடித்த புத்தகம் என்பதால் ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடியும். பெட்டிகளை மரப்பலகைத் தட்டில் அடுக்கி, பட்டை போட்டு இறுக்கி, ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் தூக்கி உயரமான இரும்பு அலமாரிகளில் வைப்போம். வண்டி ஓட்டுகிற பாகிஸ்தானி லீவில் போயிருந்தான். முதீர் என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமே, யல்லா, ஏறு" என்றார். அவன் இருக்கும்போது விளையாட்டாக நாலைந்து தடவை ஓட்டியிருக்கிறேன். லைசென்ஸ் கிடையாது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஓட்ட ஆசையாக இருந்தது.

மூன்றாம் நாள் நண்பகல் தொழுகை நேரம். கடை, கிடங்கு எல்லாம் அடைத்து எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். காக்காவுக்கு முழங்கால் வலி, தன் மேசைக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். நானும் சேகர் அண்ணனும் ஒரே ஒரு தட்டை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நினைத்தோம். அண்ணன் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டிக்கொண்டிருந்தார். நான் கைப்பிடியை இழுத்த வேகம் கூடிவிட்டது. தட்டு இரும்புச் சட்டத்தில் இடித்துச் சாய்ந்தது. பட்டை அறுந்த சத்தம் கேட்டது. பெட்டிகள் மொத்தமாக அண்ணன்மேல் இறங்கின.

காக்கா தொழுகையை விட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பெட்டிகளைப் புரட்டித் தள்ளினோம். எப்படித் தள்ளினோம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சேகர் அண்ணன் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. வலது கை விரல்கள் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தன. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, பேச்சாக வரவில்லை.

காக்கா அவரைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் வண்டியைப் பார்த்தார்.

"நீ இங்கயே நில்லு."

வண்டியில் ஏறினார். அவர் அதை ஓட்டி நான் பார்த்ததில்லை. மெதுவாகப் பின்னால் எடுத்து, திருப்பி, கிடங்கின் மறுகோடியில் சார்ஜ் போடுகிற இடத்தில் நிறுத்தி, ஒயரைச் சொருகி, சாவியை ஆணியில் மாட்டினார். திரும்பி வந்து ஏணியை இழுத்து அலமாரியில் சாய்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான் மேசைக்குப் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மூன்று நிமிஷமா, நாலு நிமிஷமா, தெரியாது. அவ்வளவு நேரமும் அந்த விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. நான் நின்றுகொண்டே இருந்தேன். போன் என்னிடமிருந்து பதினைந்து அடியில் இருந்தது.

போனை வைத்துவிட்டு வந்து சேகர் அண்ணனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காதருகே குனிந்து, "உங்க சாமி பேரைச் சொல்லு தம்பி. முருகா சொல்லு. நானும் கூடச் சொல்றேன், சொல்லு" என்றார். சொன்னார். தொழுதுகொண்டிருந்த மனிதர், தலையில் தொப்பியோடு, "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வரும்போது விரல்கள் நின்றிருந்தன.

போலீஸ் வந்தது. எங்களில் அரபி தெரிந்தவர் காக்கா ஒருவர்தான், பார்த்த சாட்சியும் அவர்தான். வண்டி ஓடவில்லை, அவனே ஏணியில் ஏறினான், மேலே இருந்த தட்டை இழுத்தான், பட்டை அறுந்துவிட்டது என்று சொல்லி, அரபியில் எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். முதீர் ஒன்றும் குறுக்கே பேசவில்லை. லைசென்ஸ் இல்லாதவனை ஓட்டச் சொன்னவர் அவர். என்னிடம் கேட்டபோது காக்கா சொல்லிக்கொடுத்தபடி, "நான் சாப்பிடப் போயிருந்தேன்" என்றேன்.

செத்தவர்மேல்தான் தப்பு என்று முடிவாயிற்று. ஊருக்கு அவர் உடல் போனது. நஷ்டஈடு என்று ஒரு ரூபாயும் போகவில்லை. கடிதமும் போனும் வழக்கம்போலக் காக்காதான். ஒருநாள் சேகர் அண்ணனின் தம்பி போனில், "எங்கண்ணன் மரத்துல ஏறவே பயப்படுவான், அவன் எதுக்குங்க ஏணியில ஏறுனான்?" என்று கேட்டுக்கொண்டிருப்பது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. காக்கா கொஞ்சமும் தடுமாறாமல், "வேலையில ஆர்வம் தம்பி. சீக்கிரம் முடிக்கணும்னு ஏறிட்டாரு" என்றார். போனை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் கையைத் தேய்த்தார். மை போகவில்லை, எப்போதும்போல.

இரண்டு வாரம் கழித்து, இனிமேல் என்னால் முடியாது, போலீஸில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"சொல்லி?"

"சொல்லிர்றேன் காக்கா. தூக்கம் வரல."

"உள்ள போட்டா எப்ப விடுவான்னு எவனுக்கும் தெரியாது. போன லீவுக்குப் போயிட்டு வந்தப்புறம் பொறந்த உம்பிள்ளைக்கு இப்ப ஆறு மாசம். அந்தப் பையன் போயிட்டான். உன்னையும் நான் கொண்டுபோய்க் குடுக்கணுமா? அது என்னால முடியாது."

"வண்டிய எடுக்காம மொதல்லயே போன் போட்டிருந்தா..."

அவர் முகம் அப்படியே நின்றுபோனது. "அந்தக் கேள்வி என்னோடது. நீ அதைத் தூக்கிச் சொமக்காத" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானும் மறுபடி கேட்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அவர் தடுத்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த மயிர்க்கோட்டுப் பேனாக்களைக் காக்கா அதன்பிறகு தொடவில்லை. மை காய்ந்து அவை டப்பாவிலேயே கிடந்தன. தடித்த மார்க்கரை எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்தார். மகள்காரி வரைந்த ஒரு பழக்கூடையின் மூலையில் சின்னதாக ஒரு குழந்தை உண்டு. முதல் தடவை அதன் இடுப்பில் ஓர் இலையைப் படரவிட்டிருந்தார். இந்தத் தடவை மூலை முழுக்க அடித்துவிட்டார். அவள் போட்ட இலையில் இருந்த பூச்சிக்கடி எல்லாம் போய்விட்டது. அதிகாரி வந்து புரட்டிப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். சாப்பாட்டு நேரக் கதைகளும் நின்றுபோயின. ஒரே ஒருநாள், யாரும் கேட்காமலே, இத்தாலியில் ஒருவர் இருந்தார் என்று ஆரம்பித்தார். இன்னொருவர் சுவரில் வரைந்த உடம்புகளுக்குத் துணி வரையச் சொல்லி அவருக்கு உத்தரவு. நல்ல ஓவியராம். அவர் சொந்தமாக வரைந்தது எதுவும் ஜனங்களுக்கு ஞாபகம் இல்லை, துணி போட்டவன் என்றுதான் சொல்கிறார்களாம். "உத்தரவு போட்டவன் பேரைக் காணோம். துணி போட்டவன் பேருதான் நிக்குது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

இரண்டாயிரத்து ஐந்தில் சர்க்கரை முற்றி வலது காலில் புண் ஆறாமல் போக, அவரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்துக்கு நான் கூடப் போனேன். உள்ளே போவதற்கு முன்னால், "ஊருக்குப் போனா அரியலூர்ப் பக்கம் போகாத. அங்க நான் பாத்துக்கிறேன்" என்றார். கடிதம் ஏதாவது எழுதுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஊருக்கு வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. கீழக்கரைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் போன் செய்தேன். மகன் எடுத்தான். காலை எடுத்தார்களாம், அப்புறமும் காப்பாற்ற முடியவில்லை, வாப்பா மவுத்தாகி மூன்று மாதம் ஆகிறது என்றான். "நீங்க யாரு?" என்று கேட்டான். கூட வேலை பார்த்தவன் என்று சொன்னேன்.

அவர் இருக்கும்வரை அந்தக் கேள்வி அவரிடம் இருந்தது. இப்போது அது என்னிடம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு வாரம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எட்டாம் நாள் காலையில் அரியலூருக்குப் போனேன்.

சேகர் அண்ணனின் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். செல்வி என்று பெயர், அண்ணன் எந்நேரமும் சொல்லிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார். நான் தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "கூட ஒரு பெரியவரு இருந்தாரு அண்ணி, கீழக்கரைக்காரரு. அவரு உங்களுக்குக் கடுதாசி எழுதியிருப்பாரு..." என்று ஆரம்பித்தேன்.

"கடுதாசி எழுதினாரு. அப்புறம் நேர்லயே வந்தாரே" என்றார்.

"நேர்லயா?" என்றேன்.

"காலில கட்டோட, ஒரு பையன் தோளப் புடிச்சிக்கிட்டு வந்தாரு தம்பி. பையனத் தெருவுலயே நிக்கச் சொல்லிட்டாரு. இந்தா, இந்த எடத்துலதான் உக்காந்தாரு. உங்க வீட்டுக்காரர் ஏணியில ஏறலம்மா, அவரு மேல ஒரு தப்பும் இல்ல, நான்தான் வண்டிய ஓட்டினேன், தெரியாம ஓட்டினேன், பெட்டி சாஞ்சிருச்சு, பயத்துல போலீஸ்ல பொய் சொல்லிட்டேன்னாரு."

மிஷின் மேல் கிடந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எங்க வீட்டுக்காரரு தன்னோட தப்பாலதான் செத்தாருன்னு ரெண்டு வருசமா ஊரே பேசிக்கிட்டிருந்துச்சு. எனக்கு என்ன ஆச்சோ தெரியல. செருப்பக் கழட்டி அடிச்சிட்டேன். மூஞ்சிலயே. ரெண்டு அடி. அவரு நவுரல, கையக்கூடத் தூக்கல. எம்மாமனாரு வந்துதான் என்னப் புடிச்சாரு. போவும்போது தெருவுல இருந்த பையங்கிட்ட, விழுந்துட்டேன்னு சொல்லிக்கிட்டே போனாரு."

அப்படியே எழுந்து வந்திருக்கலாம். அந்த வீட்டில் யாருக்கும் என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. அவர் எனக்காக எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் போயிருந்தார். சொம்பைக் கீழே வைத்தேன்.

"ஓட்டுனது அவரு இல்ல அண்ணி. நான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது உடனே புரியவில்லை போலிருந்தது. வண்டிக்காரன் லீவில் போனது, நான் ஆசைப்பட்டு ஏறியது, காக்கா பாயை விட்டு ஓடிவந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று குனிந்துதான் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை.

"அந்தப் பெரியவரு இருக்காரா?" என்றார்.

"இல்ல அண்ணி. மூணு மாசமாச்சு."

அவர் வாயில் முந்தானையை வைத்து அமுக்கிக்கொண்டார். புருஷன் செத்த விவரத்தைச் சொன்னபோது அழாதவர் அப்போது அழுதார். "அடிச்சேனே தம்பி. கால் நடக்க முடியாத மனுசன. மூஞ்சில அடிச்சேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த அழுகை அந்த வீட்டுக்குள் வந்திருக்காது.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அவரு இன்னொண்ணும் சொன்னாரு. பெட்டி விழுந்த ஒடனே உசுரு போயிருச்சு, ஒரு வலியும் தெரியலம்மான்னாரு. நான் இத்தன நாளும் அத நெனச்சிக்கிட்டுதான் தூங்குறேன். வண்டி ஓட்டினேன்னு சொன்னதுதான் பொய்யாப் போச்சு. அதுவாச்சும் நெசமா தம்பி? நீ கிட்டதான நின்ன?"

தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டு, துணி தைத்தாகிவிட்டதா என்று குரல் கொடுத்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசம்தான் அண்ணி" என்றேன். "ஒடனே போயிருச்சு."